குளிர் இறங்கும் மூலை

மாரீஸ் அப்பாவின் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கமாக உருட்டினாள். கட்டிலின் மறுபுறம் நின்ற நர்ஸ் நதேழ், நனைந்த விரிப்பைச் சுருட்டி அவர் முதுகுக்கு அடியில் தள்ளிவிட்டு, உலர்ந்ததை அதன் பின்னாலேயே செருகினாள். ஃபெர்னான் முனகவில்லை. மகளின் வயிற்றில் கன்னம் அழுந்தியபடி, அவள் கைக்கு மேலாகச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து எந்தப் பக்கம்?"

"வடக்கு. கொறஞ்சுக்கிட்டே வருது."

"மேகம்?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப ராத்திரி உறையும்."

"ரேடியோவுலயும் அதத்தான் சொன்னான்."

"அவன் கெடக்கான்" என்றார் ஃபெர்னான். "அவனுக்கு முன்னாடி என் முட்டி சொல்லிடுச்சு."

"இதெல்லாம் நல்லாத் தெரியுது இவருக்கு" என்றாள் நதேழ். "மாத்திரைன்னா மட்டும் காது கேக்காது."

நதேழ் மாரீஸை வாசல்வரை கூட்டிவந்து, குரலைத் தாழ்த்தாமலே, "கால் நீலமாயிடுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனாள். அவளுக்கு இன்னும் நான்கு வீடு இருந்தது. மாரீஸ் விரிப்பை மெஷினில் போட்டாள். இன்றா நாளையா என்பது அவளுக்கு முக்கியமான விஷயமாக இருந்தது. அதை நினைத்ததற்காகத் தன்மேல் வெறுப்பு வரும் என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

மாடிச் சன்னலுக்குக் கீழே திராட்சைத் தோட்டம் சரிந்து இறங்கியது. சுண்ணாம்பு மண். மழை பெய்தால் செருப்பில் மாவு மாதிரி ஒட்டும். கவாத்து முடிந்து, கிளைகளைக் கம்பியில் கட்டி, இப்போது ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகள் துளிர்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு இலை விரிந்திருந்தது. ஏப்ரலில் இந்த இரண்டு இலைதான் அந்த வருடத்து ஷாம்பெய்ன். சரிவின் அடியில், தோட்டத்தின் முழு அகலத்துக்கும், துயா மரவேலி. இரண்டு ஆள் உயரம். கோடையிலும் குளிரிலும் ஒரே கரும்பச்சை. பூனை நுழைய இடம் கிடையாது.

குளிர்காற்று கனமானது. காற்று நின்றுபோன தெளிந்த இரவில் அது தண்ணீர் போலச் சரிவில் இறங்கும். வழி விட்டால் ஆறுவரை போய்விடும். ஊரில் மற்ற எல்லாச் சரிவிலும் அப்படித்தான் போனது. ஃபெர்னானின் தோட்டத்தில் மட்டும் வேலியில் முட்டி நின்று குளம் கட்டியது. அந்தக் குளத்தில் மூழ்கிய வரிசைகளில் துளிர்கள் விடியும்போது துவண்டு, மத்தியானத்துக்குள் கருகின. போன வருடம் கீழ் வரிசைகள் எல்லாம். அதற்கு முந்தின வருடம் பாதித் தோட்டம். தகர வாளிகளில் மெழுகை ஊற்றிக் கொடிகளுக்கு நடுவே கொளுத்தி, மாரீஸும் அவள் கணவன் ஜொயேலும் ராத்திரி முழுக்கப் புகை குடித்தார்கள். புகைதான் மிச்சம்.

இது ஃபெர்னானுக்குத் தெரியாமல் இல்லை. வேலியை வெட்டலாம் என்று யாராவது ஆரம்பித்தால், "உறைபனி வானத்துலேர்ந்து வருது. வேலிலேர்ந்து இல்ல" என்பார். அதோடு பேச்சு முடியும். நிலம் அவர் பெயரில் இருந்தது. "நான் உசிரோட இருக்கற வரைக்கும் அது மேல ரம்பம் படக்கூடாது" என்று மகளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். இந்த வருடமும் போனால் தோட்டத்தை ஒரு பெரிய கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, தான் அவர்களிடமே கூலிக்குக் கவாத்துக்குப் போவதாக ஜொயேல் சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால் மாரீஸ் சண்டை போட்டிருப்பாள். அவன் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தம்பி அஷிலின் வீடு. வேலி வந்ததே அவரால்தான். மாரீஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஃபெர்னான், திராட்சையைக் கம்பெனிக்கு விற்பதை நிறுத்திவிட்டுத் தன் பெயரிலேயே ஷாம்பெய்ன் போடக் கிளம்பினார். புட்டிக்குள் இரண்டாம் முறை நுரைப்பதற்குச் சர்க்கரை சேர்க்க வேண்டும். அவர் காலையில் ஒருமுறை சேர்த்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, சேர்த்ததை மறந்து, மறுபடியும் சேர்த்தார். கோடையில் நிலவறையில் புட்டிகள் வெடிக்க ஆரம்பித்தன. ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளதும் வெடிக்கும். யாரும் இறங்க முடியவில்லை. ஃபெர்னான் கட்டில் மெத்தையை நெஞ்சோடு கயிற்றால் கட்டிக்கொண்டு, சமையலறைச் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். வழியில் படிக்கட்டில் மெத்தை மாட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஒரு மணிநேரம் நின்றார். இழுத்து எடுத்தது தம்பி அஷில்தான். அன்று சாயங்காலமே காப்பிக்கடையில் அதை நடித்துக் காட்டியதும் அவர்தான். அதற்குப் பிறகு ஊரில் ஃபெர்னானுக்கு 'மெத்தை' என்று பெயர். அந்தக் குளிர்காலத்தில் அவர் துயாக் கன்றுகளை நட்டார். தம்பி வீட்டுச் சன்னல் மறையும் வரைக்கும் தினமும் தண்ணீர் ஊற்றினார்.

அண்ணன் தம்பி அதோடு பேசிக்கொள்ளவில்லை. மாரீஸும் சித்தப்பாவைத் தெருவில் பார்த்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

அவள் விரிப்பை வெளியே துணிக்கொடியில் காயப்போட்டுவிட்டு மேலே போனாள். ஃபெர்னான் கண்ணைத் திறந்தபடி இருந்தார். கிறிஸ்துமஸைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொன்னது பொய்யாகிவிட்டது. கவாத்தையும் தாண்டிவிட்டார்.

"கீழ் வரிசைதான் போகும்" என்றார்.

"ஆமாப்பா."

"ஜொயேல் மெழுகு எறக்கிட்டானா?"

"எறக்கிட்டான். எல்லாம் ரெடி. வேலியத் தவிர."

ஃபெர்னானின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "நான் போற வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது. இருமல் அடங்கியதும் அவர் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். வியாதி படுக்கையில் தள்ளியபோது, கட்டிலை அந்தச் சன்னலுக்கு நேராகப் போடச் சொன்னது அவர்தான். குளிர்காலம் முழுக்க அங்கிருந்து வேலியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"என்னத் திருப்பி விடு" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"செவுத்துப் பக்கம்."

"வலிக்கும்ப்பா. அந்தப் பக்கம் புண்ணு இருக்கு."

"திருப்புன்னா திருப்பு."

அவள் திருப்பினாள். முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் வேறு சத்தமே இல்லாமல், அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. பிறகு இடைவெளி மட்டும் இருந்தது. அவள் எழுந்து கண்ணை மூடிவிட்டாள். சன்னலை நெருங்கி, சாவு நடந்த அறைக்குச் செய்யும் ஊர் வழக்கப்படி மரக்கதவுகளை இழுத்துச் சாத்தும்போது, நெஞ்சில் இருந்து ஏதோ இறங்குவதை உணர்ந்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகுதான் அழுதாள். அதுவும் ரொம்ப நேரம் இல்லை.

ஜொயேல் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்திலிருந்து வந்தபோது வெளியிலிருந்தே மூடிய சன்னலைப் பார்த்துவிட்டான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போய், மாமனாரின் நெற்றியைத் தொட்டுவிட்டு இறங்கினான்.

"டாக்டர்?"

"வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். சவப்பெட்டிக்காரன் சாயங்காலம் வர்றான். அடக்கம் சனிக்கிழமை."

அவன் மேஜையில் உட்கார்ந்தான். ரொட்டியை வெட்டினான். வெட்டியதைத் தின்னவில்லை. இருவருமே தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"காத்து நின்னுடுச்சு" என்றான் ஜொயேல்.

"பாத்தேன்."

"மாரீஸ், இன்னும் பொணம் மேல இருக்கு. ஊர் என்ன சொல்லும்?"

"ராத்திரி உறைஞ்சா ஊர் வந்து மொட்ட ஒட்டவைக்குமா? உசிரோட இருக்கற வரைக்கும்னுதான் என்கிட்ட சத்தியம் வாங்கினார். ஒரு வார்த்தை கூட்டி வாங்கல. ரம்பத்துல எண்ணெய் இருக்கா?"

"இருக்கு. மார்ச்லேர்ந்தே இருக்கு" என்றான். சொன்ன பிறகு முகம் சிவந்துவிட்டது.

முழு வேலியையும் வெட்ட ஒரு வாரம் ஆகும். ஆனால் தேவையில்லை. தோட்டம் கிழக்கு மூலையில்தான் மிகவும் தாழ்ந்திருந்தது. அந்த மூலையில் ஒரு வாசல் அகலத்துக்குத் திறந்துவிட்டால் போதும், தேங்கியது தானாக வடியும். ஜொயேல் டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தி ரம்பத்தைக் கிளப்பினான். முதல் மரத்தின் பாவாடைக் கிளைகளைக் கழிக்கும்போதே எலுமிச்சை மாதிரி வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே பழுப்புச் செதில்களும் தூசியும் எப்போதோ கட்டிய குருவிக்கூடும் இருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா அது?"

ஜொயேல் ரம்பத்தை நிறுத்தினான். மாரீஸ் மரங்களைப் பார்த்துச் சொன்னாள். "நாந்தான் சித்தப்பா."

பிறகு, "ஃபெர்னானா?" என்றது குரல்.

"காலைல."

ஆள் நகராமல் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை, ஓர் இலை அசையவில்லை.

"எங்க இருக்கான்?"

"மாடியில."

"சன்னல் சாத்திட்டீங்களா?"

"சாத்தியாச்சு."

"ம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த மூலையிலதான் வெட்டப்போறீங்களா?"

"இங்கதான் பள்ளம் சித்தப்பா."

"எனக்குச் சொல்லித் தரியா? அந்த மூலைக்கு நேரா என் பீச் மரம் நிக்குது. பூத்திருக்கு."

ஜொயேலும் மாரீஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஷிலின் பீச் பழங்களை ஊரே அறியும். இந்தச் சரிவில் வேறு எவன் முற்றத்திலும் பீச் மரம் நிற்காது. பூக்கும் மாதத்தில் பனி அடித்துவிடும். மேலே தேங்கும் குளிரையெல்லாம் வேலி தடுத்து வைத்ததால்தான் அது நின்றது. அண்ணன் வெறுப்பில் நட்டது தம்பிக்குப் போர்வையாகிவிட்டது. இது அஷிலுக்கும் தெரியும் என்பது மாரீஸுக்கு இப்போதுதான் உறைத்தது.

"வேற எடத்துல வெட்டினா எறங்காது சித்தப்பா" என்றாள். "எனக்கு இந்த வருஷம் போனா தோட்டமே போச்சு."

"இத்தன வருஷமா எனக்குக் கதகதன்னு வச்சிருந்தான், கழுதை" என்றது குரல். "அவன் எனக்குப் பண்ணின ஒரே நல்லது. அதையும் தெரியாமப் பண்ணினான். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வெட்டியிருப்பான்."

ஜொயேலுக்குச் சிரிப்பு வந்தது. மாரீஸ் அவனை முறைத்தாள்.

"மரத்த எந்தப் பக்கம் சாய்ப்பீங்க?"

"அதான் யோசிக்கறோம். இந்தப் பக்கம் சாய்ச்சா நாலு வரிசைக் கொடி நாசம்."

"அப்ப யோசிக்க என்ன இருக்கு? கயித்த இங்க தூக்கிப் போடு. என் உருளைக்கெழங்குப் பாத்தி மேல விழட்டும். ராத்திரி அதுக்கும் ஒரு மூடாப்பு ஆச்சு."

ஜொயேல் கயிற்றை முதல் மரத்தின் கழுத்தில் மாட்டி மறுமுனையை வீசினான். அந்தப் பக்கத்தில் யாரோ பிடித்து இழுத்து இறுக்கினார்கள். எண்பது வயதுக்காரர் இழுப்பதாகத் தெரியவில்லை. ரம்பம் பாய்ந்தது. மரம் முனகி, யோசித்து, அப்பால் சாய்ந்தது.

மூன்றாவது மரத்தின்போது மதாம் தெவெனே வந்து சேர்ந்தாள். பக்கத்துத் தோட்டக்காரி. கறுப்புக் கோட்டும் கையில் துணி போட்டு மூடிய ஆப்பிள் பணியாரமுமாக வரிசைகளுக்கு நடுவே குதிகால் செருப்போடு தடுமாறி இறங்கி வந்தாள்.

"துக்கம் கேக்க வந்தா மரம் வெட்டறீங்களே."

"ரெண்டும் நடக்குது மதாம்" என்றாள் மாரீஸ்.

மதாம் தெவெனே வெட்டிய அடிமரங்களைப் பார்த்தாள். அப்படியே நடந்து தன் தோட்டத்து எல்லைவரை கண்ணை ஓட்டினாள். "இங்க தேங்கினது வழிஞ்சுதான் என்னோட எல்லையோர அஞ்சு வரிசையும் வருஷா வருஷம் போச்சு" என்றாள். "படுத்திருக்கற மனுஷன்னு வாயத் தெறக்கல. அவர் படுக்கறதுக்கு முன்னாடியும் தெறக்கல, அது வேற விஷயம். இன்னும் எத்தன வெட்டணும்?"

பணியாரத்தை டிராக்டர் இருக்கையில் வைத்துவிட்டு, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோட்டைக் கழற்றாமலே கிளைகளை இழுக்க ஆரம்பித்தாள்.

வெளிச்சம் சாயும் முன்பே வேலியில் வழி திறந்துவிட்டது. கடைசி மரம் விழுந்த தூசி அடங்கியபோது அஷில் அந்தப் பக்கம் வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். தலைமுடியில் துயாச் செதில்கள். மாரீஸ் தெருவில் பார்த்ததைவிடக் குட்டையாகத் தெரிந்தார். அப்பாவின் மூக்கு. அவருக்குப் பின்னால் சுவரை ஒட்டி அந்த பீச் மரம், இலையில்லாமல் முழுக்க இளஞ்சிவப்புப் பூவோடு நின்றது. அஷில் அவர்களைப் பார்க்கவில்லை. சரிவின் மேலே, சாத்திய மாடிச் சன்னலைப் பார்த்தார்.

"அவ்வளவு பக்கத்துலயா இருக்கு வீடு" என்றார்.

அடிமரங்களைத் தாண்டி, ஜொயேல் நீட்டிய கையைப் பிடிக்காமல், இந்தப் பக்கம் வந்தார். "பாக்கலாமா?"

மாரீஸ் அவரை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழேயே நின்றாள். மேலே பலகை ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். ஜொயேல் நிலவறையிலிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து திறந்தான். ஃபெர்னானின் பெயர் போட்டது. வெடிக்காத வருடங்களில் ஒன்று. மதாம் தெவெனே பணியாரத்தை வெட்டினாள். அஷில் இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே மேஜையின் கோடியில் உட்கார்ந்தார்.

"எளைச்சுட்டான்" என்றார்.

"ஆமா சித்தப்பா."

"செவுத்தப் பாத்துப் படுத்திருக்கானே?"

"காலைல அவரேதான் திருப்பச் சொன்னார்."

அஷில் தலையாட்டினார். கண்ணாடிக் குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, குமிழிகள் ஏறுவதைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

"நல்லாப் போட்டிருக்கான்" என்றார். "சர்க்கரை ஒரு தடவைதான் போட்டிருக்கான்."

மதாம் தெவெனே பணியாரத் துண்டை வாய்க்குப் போகும் வழியில் நிறுத்திவிட்டாள்.

"அந்தக் கதைய நான் சொல்லியிருக்கக் கூடாதுன்னு இத்தன வருஷமா எல்லாரும் எங்கிட்ட சொல்றாங்க" என்றார் அஷில். "ஆனா நீயே சொல்லும்மா. தலையில சல்லடை. நெஞ்சுல மெத்தை. படிக்கட்டுல மாட்டிக்கிட்டு, கீழ ஒவ்வொரு புட்டியா டம்மு டம்முன்னு வெடிக்குது, இவன் மேலேர்ந்து புட்டிங்கள அதட்டறான். நிறுத்துங்கடா, நிறுத்துங்கடாங்கறான். அத எவனால சொல்லாம இருக்க முடியும்?"

அப்பா புட்டிகளை அதட்டிய பகுதி மாரீஸுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மேஜையில் தலை கவிழ்த்துச் சிரித்தாள். மாடியில் பிணம் கிடக்கும் வீடு என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. ஜொயேலும் சிரித்தான். மதாம் தெவெனே சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தாள். அஷில் மட்டும் சிரிக்கவில்லை. குவளையைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

"பழைய விரிப்பு ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

"மரத்துக்கு. என்கிட்ட ரெண்டுதான் இருக்கு, ஒண்ணுல நான் படுக்கணும்."

மாரீஸ் வெளியே போய்க் கொடியிலிருந்து காலையில் துவைத்த விரிப்பை எடுத்து வந்தாள். வடக்குக் காற்றில் மொறமொறவென்று காய்ந்திருந்தது. அவர் அதை வாங்கி, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல், அக்குளில் இடுக்கிக்கொண்டார். தெரு வாசல் வழியாகப் போகாமல் தோட்டத்தில் இறங்கி, வெட்டிய மூலை வழியாக வீட்டுக்குப் போனார்.

அன்றிரவு மெழுகு வாளிகளை ஜொயேல் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, அவள் அப்பாவின் அறை நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். ஏப்ரல் மாதத்தில் விழித்தே பழகிய உடம்பு அன்று உட்கார்ந்த மாதிரியே தூங்கிப்போனது.

எழுந்தபோது மரக்கதவின் இடுக்கில் வெளிச்சம் வந்திருந்தது. சமையலறையில் ஜொயேல் பூட்ஸோடு மேஜையில் தலை வைத்துத் தூங்கினான். மெழுகு வாளிகள் மூடி திறக்கப்படாமலே வாசலில் அடுக்கியிருந்தன. அவள் அவனை எழுப்பவில்லை. ஒரு கிண்ணத்தில் காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள்.

பாதையோரத்துப் புல் வெளுத்திருந்தது. மேல் வரிசைகளில் துளிர்கள் நன்றாக இருந்தன, அவை எப்போதும் அப்படித்தான். அவள் நிற்காமல் இறங்கினாள். கடைசி வரிசைக்கு வந்ததும் குனிந்து, ஒரு துளிரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். ஈரம். மெதுவாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. அடுத்த கொடி. அதற்கடுத்தது. வரிசையின் கோடிவரை போய்த் திரும்பினாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஆறிக்கொண்டிருந்த காப்பியைக் குடித்தாள்.

கணுக்காலில் குளிர் உரசிக்கொண்டு போனது. நிற்கவில்லை. அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, வெட்டிய மூலையை நோக்கி இறங்கியது. அங்கே அடிமரங்களின் மேல் பொடிப்பனி படிந்திருந்தது. அதற்கப்பால் அப்பாவின் விரிப்பு பீச் மரத்தின் மேல் நான்கு பக்கமும் கயிற்றால் கட்டப்பட்டு, அட்டை மாதிரி விறைத்து நின்றது.

அஷில் ஒரு முனையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவளும் ஆட்டினாள். அவர் விரிப்பைத் தூக்கி உள்ளே தலையை விட்டார். பிறகு தோளையும் விட்டார். வீட்டுச் செருப்பும் கால்சட்டையின் பின்பக்கமும் மட்டும் வெளியே தெரிந்தன. வெகுநேரம் அப்படியே நின்றார்.

மாரீஸ் காலியான கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் வெளியே வருவதற்காக அங்கேயே காத்திருந்தாள்.